பால் குறையும் மாதம், பள்ளி திறக்கும் மாதம்



மார்கழி பிறந்தால் விடியற்காலையில் கொஞ்சம் குளிர் எடுக்கும். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் ஐந்து நிமிடம் படுக்கலாமா என்று தோன்றும். பினாங்கில் நமக்குத் தெரிந்த குளிர் அவ்வளவுதான். பனி கொட்டுவதும், அதற்காகப் பள்ளிக்கூடத்தை மூடி 'குளிர்கால விடுமுறை' விடுவதும் சீமையிலும் ஜப்பானிலும் நடக்கிற சங்கதி.

ஆனாலும் பால்மரக் காட்டில் பாடுபட்டவர்களுக்கு ஒரு குளிர்காலம் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை மரம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். காடு முழுக்க சருகு சலசலக்கும். துளிர் விட்டு இலை முற்றுகிற வரைக்கும் பால் இறங்காது. வெள்ளைக்காரத் துரைமார் இதற்கு 'விண்டரிங்' என்று பேர் வைத்தார்கள். நம்முடைய வடபகுதியில் வருஷம் பிறந்து மழை ஓய்ந்ததும் இது தொடங்கிவிடும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். அதற்கு முன்னாடி வருஷக் கடைசி மழையிலே எத்தனை நாள் வேலை போனதோ, அந்தக் கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

பள்ளிக்கூடம் திறப்பதும் இதே நேரத்தில்தான். சட்டை வேணும், சப்பாத்து வேணும், பை வேணும், வேன் காசு வேணும். கையிலே காசு இல்லாத மாதத்தில் செலவு வந்து கதவைத் தட்டும். எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அந்த நாளில் தடுக்கி விழுந்த இடம் இதுதான். "அடுத்த மாசம் அனுப்பலாம்" என்று அப்பன் சொல்லுவான். அடுத்த மாசம் வரும், பிள்ளை ஆயாக் கொட்டகையில் தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்றைக்குப் பினாங்கு மாநிலத்தில் பால்மரம் போய் செம்பனை வந்துவிட்டது. செம்பனையும் போய்த் தொழிற்சாலையும் தாமான் வீடுகளும் வந்துவிட்டன. நம் ஆட்களில் பாதிப் பேர் தோட்டத்தை விட்டு வெளியே வந்தாச்சு. ஆனால் வருஷப் பிறப்பிலே பள்ளிச் செலவை எண்ணிப் பெருமூச்சு விடுகிற பழக்கம் மட்டும் நம்மோடு கூடவே வந்திருக்கிறது. ஆகவே இந்த வாரம் பள்ளிக்கூடச் சேதி பேசுவோம். ஆண்டுத் தொடக்கத்திலே பள்ளியில் என்னென்ன நடக்கும், அதில் நாம் செய்ய வேண்டியது என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மறுபடியும் ஜனவரி

முதலில் தேதி. நம் காலத்தில் ஜனவரி முதல் வாரம் என்றால் பள்ளி திறக்கும், நவம்பரில் மூடும். 2020-ல் கோவிட் நோய் வந்து அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் பள்ளி ஆண்டு மார்ச்சில்தான் தொடங்கியது. 2025-ல் பிப்ரவரிக்கு வந்தது. 2026-ல் மறுபடியும் ஜனவரிக்கே திரும்பியது. பினாங்குக்கு ஜனவரி 12 என்று கல்வி அமைச்சு தேதி கொடுத்தது.

நாலு வருஷம் மார்ச்சும் பிப்ரவரியுமாகப் பழகிவிட்டதால், "இன்னும் நாள் கிடக்குதே" என்று அசந்துவிடக் கூடாது. தீபாவளிச் செலவின் களைப்பு தீருவதற்குள் பள்ளிச் செலவு வந்து நிற்கும். தீபாவளிக்குத் துணி எடுக்கும்போதே பள்ளிச் சட்டைக்கும் ஒரு தொகையை எடுத்து வைக்கிற தாய்தான் கெட்டிக்காரி.

தலை எண்ணிப் பிறந்த பள்ளிகள்

இந்த நாட்டில் தமிழ்க் கல்வி தொடங்கியதே நம் பினாங்கில்தான். ஜார்ஜ் டவுனில் பாதிரியார் ஹட்சிங்ஸ் 1816-ல் பினாங்கு பிரீ ஸ்கூல் என்ற பள்ளியைத் தொடங்கினார். அந்த ஆண்டு அக்டோபர் 21-ல் அங்கே ஒரு தமிழ் வகுப்பும் திறந்தார்கள். அதைக் கணக்கு வைத்துத்தான் 2016-ல் மலேசியத் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு என்று நாடு முழுக்க விழா எடுத்தோம்.

ஆனால் அந்த முதல் வகுப்பு என்ன ஆனது தெரியுமா? ஆதரவு இல்லாமல் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. வகுப்பு இருந்தது, பலகை இருந்தது. போதுமான ஆதரவுதான் இல்லை. இதை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு கரை தாண்டி செபராங் பிறைப் பக்கம் கரும்புத் தோட்டங்கள் வந்தன. கரும்பு வெட்ட நம் முன்னோரைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. லயங்களில் பிள்ளை குட்டிகள் பெருகின. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ல் வந்த தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு தோட்டத்தில் 7 வயது முதல் 14 வயது வரை 10 பிள்ளைகள் இருந்தால் அங்கே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்பது அந்த விதி. துரைமாரில் சிலர் ஒழுங்காக வைத்தார்கள். பலர் ஒரு கொட்டகையைக் காட்டி, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியையோ கிராணியையோ வாத்தியார் என்று உட்கார வைத்தார்கள். எப்படியோ, 10 தலை இருந்தால்தான் பள்ளி.

1957-ல் சுதந்திரம் கிடைத்தபோது நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்றைக்கு இருப்பவை ஏறக்குறைய 530. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். லயம் காலியானது. பிள்ளை இல்லாத பள்ளியை மூடினார்கள், அல்லது பக்கத்துப் பள்ளியோடு சேர்த்தார்கள். இப்படித்தான் 350-க்கு மேல் போச்சு.

பினாங்கு மாநிலத்தில் இன்றைக்கு 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. தீவிலே ராமகிருஷ்ணா, ஆசாத், ஜாலான் சுங்கை, ராஜாஜி, சுப்பிரமணிய பாரதி, பாயான் லெப்பாஸ், சுங்கை ஆரா ஆகிய பள்ளிகள் உண்டு. கரைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிகளின் பேரைப் பாருங்கள்: லாடாங் மேபீல்டு, லாடாங் மலாக்கோப், லாடாங் அல்மா, லாடாங் ஜூரு, லாடாங் வால்டோர், லாடாங் பத்து காவான், லாடாங் சங்காட், லாடாங் திரான்ஸ்கிரியான், லாடாங் பைரம். லாடாங் என்றால் தோட்டம். தோட்டம் கைமாறியிருக்கும், லயம் இடிந்திருக்கும், பால்மரம் ஒன்றுகூட மிச்சம் இருக்காது. பள்ளியின் பெயர்ப் பலகையில் மட்டும் தோட்டம் இன்னும் இருக்கிறது. நம் தாத்தா பாட்டி வேலை செய்த இடத்துக்கு இதைவிடப் பெரிய ஞாபகக் கல் எங்கே இருக்கிறது?

பிறந்ததும் தலை எண்ணித்தான், பிழைப்பதும் தலை எண்ணித்தான்

பெரட்டுக் களத்தை நினைத்துப் பாருங்கள். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அன்றைய கூலி கிடையாது. பள்ளிக்கும் அதே கதிதான். வருகைப் பதிவேடுதான் பள்ளியின் செக்ரோல். அரசாங்கம் கொடுக்கிற செலவுத் தொகையில் ஒரு பங்கு தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் வரும். பிள்ளை குறைந்தால் காசு குறையும், வகுப்பு குறையும், ஆசிரியர் எண்ணிக்கையும் குறையும்.

150 மாணவருக்குக் கீழே போனால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று அரசாங்கக் கணக்கில் எழுதிவிடுவார்கள். நாட்டிலுள்ள தமிழ்ப் பள்ளிகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. 30-க்கும் கீழே போனால் இரண்டு வகுப்பை ஒன்றாக உட்கார வைத்து ஒரே ஆசிரியர் நடத்துவார். ஒரு பக்கம் சின்னவர்களுக்கு எழுத்து, மறு பக்கம் பெரியவர்களுக்குக் கணக்கு. சின்னப் பள்ளியில் ஒரு நன்மையும் உண்டு. வாத்தியாருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலவரமும் தெரியும், ஒருவனும் கண்ணுக்குத் தப்ப முடியாது. ஆனால் இன்னும் நாலு பிள்ளை குறைந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் அந்த ஆசிரியர்களின் நெஞ்சில் எப்போதும் இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டத்துப் பள்ளிகள் பலவும் நின்ற நிலம் அரசாங்கத்தின் நிலம் அல்ல, தோட்ட முதலாளியின் நிலம். அதனால் அவை 'பகுதி உதவி' பெறும் பள்ளிகளாகவே இருந்து வந்தன. ஆசிரியருக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும். கட்டடம் பழுது பார்க்க நன்கொடைச் சீட்டைத் தூக்கிக்கொண்டு நாமே அலைவோம். பினாங்கு மாநில அரசும் 2008-க்குப் பிறகு தமிழ்ப் பள்ளிகளுக்கு மானியம் கொடுத்து வருகிறது. நல்லதுதான். ஆனால் எந்த மானியமும் பிள்ளையைப் பெற்றுத் தராது. முதலாம் ஆண்டு வகுப்பில் பத்துப் பிஞ்சுகள் வந்து உட்கார்ந்தால்தான் அந்தப் பள்ளிக்கு இன்னும் ஆறு வருஷம் ஆயுசு.

எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்பது பெற்றோரின் உரிமை. அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால், "நம்ம ஒரு பிள்ளை போகாட்டி என்ன கெட்டுப்போச்சு?" என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி நினைத்ததால்தான் 888 இன்றைக்கு 530 ஆனது.

காகிதம் முக்கியம்

முதலாம் ஆண்டுக்குப் பேர் பதிவதை இப்போது இணையத்தில்தான் செய்கிறார்கள். அதுவும் பள்ளி திறப்பதற்கு வெகு முன்னாடியே. எந்த வருஷம் பிறந்த பிள்ளையை எப்போது பதிய வேண்டும் என்று பக்கத்துப் பள்ளியில் போய்க் கேளுங்கள். கைப்பேசியில் செய்யத் தெரியவில்லை என்று வெட்கப்பட வேண்டாம். பள்ளி அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்லுவார்கள். படித்த பையன் ஒருவன் உங்கள் லயத்திலோ பிளாட்டிலோ இருப்பான். அவனை உட்கார வைத்து நாலு குடும்பத்துக்குச் செய்து கொடுக்கச் சொல்லுங்கள். கோயில் கமிட்டி இந்தக் காரியத்தை எடுத்துச் செய்தால் அதுவும் புண்ணியம்தான்.

பிறப்புப் பத்திரம், அப்பா அம்மாவின் ஐ.சி., வீட்டு முகவரிக்கு ஒரு தண்ணீர் பில் அல்லது மின்சார பில் இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். குடிசையில் மழை ஒழுகிக் காகிதம் நனைந்துபோன கதையெல்லாம் நமக்குத் தெரியும். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் அல்லாமல் பெட்டிக்குள்ளே வையுங்கள்.

பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். தீபகற்பத்தில் குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். கல்யாணத்தைப் பதியாமல் விட்டது, பிரசவம் வீட்டில் ஆனது, அப்பன் ஓடிப்போனது என்று ஆயிரம் காரணத்தால் அது தவறிப்போகிறது. 2011-ல் 'மை டப்தார்' என்ற பேரில் அரசாங்கம் நம் இந்தியர்களுக்காக ஒரு பதிவு இயக்கமே நடத்த வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காகிதம் இல்லை என்று பிள்ளையை வீட்டிலேயே வைத்துவிடாதீர்கள். பெற்றோரில் ஒருவர் மலேசியர் என்றால் பிள்ளை பள்ளியில் சேருவதற்கு வழி இருக்கிறது. தலைமையாசிரியரைப் பாருங்கள், தேசியப் பதிவு இலாகாவுக்கும் போங்கள். இன்றைக்கு விட்டால் 12 வயதில் ஐ.சி. எடுக்கும்போது அழ வேண்டி வரும்.

இன்னொரு சட்டமும் தெரிந்திருக்கட்டும். 2003 முதல் இந்த நாட்டில் தொடக்கப் பள்ளிப் படிப்பு கட்டாயம். குடிமகனான பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கிடைக்கிற உதவியை விட்டுவிடாதீர்கள்

பாடப் புத்தகம் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 1975-ல் ஏழைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய இரவல் புத்தகத் திட்டம் 2008 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆகிவிட்டது. புத்தகம் அடுத்த வருஷம் இன்னொரு பிள்ளைக்குப் போகும். ஆகவே அட்டை போட்டுக் கொடுங்கள், தம்பியைப் படம் வரைய விடாதீர்கள்.

பள்ளித் தொடக்க உதவியாக ஒரு பிள்ளைக்கு 150 வெள்ளி என்பது 2023-லிருந்து வந்தது. அதற்கு முன் ஏழைக் குடும்பத்துக்கு மட்டும் 100 வெள்ளியாக இருந்ததை, வருமானம் பாராமல் எல்லோருக்கும் என்று மாற்றினார்கள். மூன்று பிள்ளை என்றால் 450 வெள்ளி. அந்தக் காசு வந்த அன்றே சட்டைக்கும் சப்பாத்துக்கும் போகட்டும். அது பிள்ளையின் பேரில் வந்த காசு. அதிலே ஒரு போத்தல் வாங்கினாலும் பிள்ளையின் பையிலிருந்து எடுத்ததுதான்.

சப்பாத்து என்றதும் ஒரு நல்ல சேதி. நம் காலத்து வெள்ளைச் சப்பாத்து போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேய்த்துக் கழுவி, வெள்ளை பூசி, மழை நாளில் அடுப்புப் பக்கத்தில் காய வைத்த தாய்மார்களே, 2021 முதல் கறுப்புச் சப்பாத்துதான்! செம்மண் பாதையில் நடக்கிற பிள்ளைக்கு இது பெரிய உதவி.

1979-ல் தொடங்கிய துணை உணவுத் திட்டத்தில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பசியாற இலவசமாகக் கொடுக்கிறார்கள். இதற்குப் பேர் கொடுக்கச் சிலர் கூச்சப்படுகிறார்கள். இதில் கூச்சம் எதற்கு? காலை 5 மணிக்கு வேலைக்குக் கிளம்பும் தாய் எத்தனை நாள் இட்லி அவித்துக் கொடுக்க முடியும்? வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அ, ஆ ஏறாது. வகுப்பாசிரியரிடம் குடும்ப நிலையைச் சொல்லிப் பேர் கொடுத்துவிடுங்கள்.

முதல் வாரத்திலேயே பொங்கல்

பள்ளி திறந்த முதல் நாள் முதலாம் ஆண்டு வகுப்பு வாசலில் ஒரே அழுகையாக இருக்கும். பிள்ளை அழும், அதைப் பார்த்து அம்மாவும் அழுவாள். முடிந்தால் அன்றைக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவும் போங்கள். நம் அப்பா நம்மை வகுப்பு வரை கொண்டுபோய் விட்டார் என்பதைப் பிள்ளை சாகிற வரைக்கும் மறக்காது. ஆனால் ஜன்னலோரம் நாள் முழுக்க நிற்காதீர்கள். பத்து நிமிடத்தில் பிள்ளை அழுகையை நிறுத்திவிடும். நீங்கள் நின்றால்தான் நிறுத்தாது.

ஜனவரி நடுவிலே பொங்கல். பல தமிழ்ப் பள்ளிகளில் திடலிலேயே அடுப்பு கூட்டி, பானை வைத்து, கோலம் போட்டுப் பொங்குவார்கள். கோலம் போட, அடுப்பு மூட்ட, கரும்பு கட்ட ஆள் வேணும். வாத்தியார்கள் எல்லோருக்கும் இது கைவராது. பாட்டிமார்களே, இது உங்கள் வேலை! கரும்பைப் படத்தில் பார்க்கிற பேரனுக்கு, இந்தச் செபராங் பிறை மண்ணிலே ஒரு காலத்தில் கரும்புதான் விளைந்தது, நம் ஆட்கள்தான் அதை வெட்டினார்கள் என்று அடுப்படியில் உட்கார்ந்து சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் அது இராது.

அடுத்து தைப்பூசம். 2026-ல் பிப்ரவரி 1-ல் வந்தது. தண்ணீர்மலை முருகனைப் பார்க்காமல் பினாங்குத் தமிழனுக்கு வருஷம் பிறக்காது. பாலம் வந்தது 1985-ல். அதற்கு முன்பு பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி, தண்ணீர்ப் பந்தலில் படுத்து எழுந்துதான் நம்மவர்கள் ரதம் பார்த்தார்கள். போங்கள், காவடி எடுங்கள். மாநில விடுமுறையும் இருக்கிறது. ஆனால் பூசத்துக்கு முன்னாடி இரண்டு நாள், பின்னாடி மூன்று நாள் என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதை முருகன் கேட்கவில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்குவதே அந்த வாரங்களில்தான். ஐந்து நாள் விட்டுப்போனால் ஐந்து எழுத்து விட்டுப்போகும். அதைத் தேடிப் பிடிக்க ஐந்து வாரம் ஆகும்.

யு.பி.எஸ்.ஆர். சோதனை 2021-ல் எடுக்கப்பட்டதிலிருந்து, "சோதனையே இல்லை, இனி என்ன?" என்று சிலர் அலட்சியமாகப் பேசுகிறார்கள். 1988-லிருந்து 30 வருஷத்துக்கு மேல் அந்தச் சோதனைதான் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நிலையை நமக்குக் காட்டியது. இப்போது அந்த ஒரே நாள் தராசு இல்லை. ஆகவே பிள்ளைக்குப் படிக்க வருகிறதா, மலாய் வருகிறதா, கணக்கு வருகிறதா என்று நாமேதான் வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மலாய் தடுமாறினால் இடைநிலைப் பள்ளியில் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கிற வேலை நாலாம் ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கணும்.

கூட்டத்துக்கு வாங்க

கடைசியாக ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறை பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டம் நடக்கும். 100 பிள்ளை படிக்கிற பள்ளியில் கூட்டத்துக்கு 20 பேர் வருவார்கள். அதில் 15 பேர் அம்மாமார்கள், மிச்சம் ஐந்து பேர் பதவிக்காரர்கள். கூரை ஒழுகுகிறது, வேன் நேரத்துக்கு வரவில்லை, கழிவறை சரியில்லை என்று சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுகிற நாம், பேச வேண்டிய இடத்தில் பேசுவதில்லை. கூட்டத்தில் எழுந்து சொன்னால் அது குறிப்பில் ஏறும், குறிப்பில் ஏறினால் இலாகாவரைக்கும் போகும்.

"நான் நாலாம் வகுப்போடு நின்னவன், அங்கே போய் என்ன பேசறது?" என்று தயங்குகிற அண்ணன்மார்களே, துரைக்கு முன்னால் நின்று கூலி உயர்வு கேட்ட பரம்பரை நாம். தொழிற்சங்கக் கூட்டத்தில் கை தூக்கத் தெரிந்தவனுக்குப் பள்ளிக் கூட்டத்தில் கை தூக்க ஏன் தெரியாது?

பள்ளித் திடலில் கூட்டுப்பணி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார்கள். புல் வெட்டுகிற எந்திரம் நம்மிடம் இருக்கிறது, ஏணி இருக்கிறது, சாயம் அடிக்கத் தெரிந்த கை இருக்கிறது. அரை நாள் போதும். விளையாட்டுப் போட்டி என்று சீட்டு வந்தால் குடும்பத்தோடு போய்க் கை தட்டிவிட்டு வாருங்கள்.

1816-ல் தொடங்கிப் பிறகு நின்றுபோன வகுப்பைக் காப்பாற்ற அன்றைக்கு ஆள் இல்லை. இன்றைக்கு 28 பள்ளிக்கும் அக்கம் பக்கத்தில் நாம் இருக்கிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பேர் பதிந்தாச்சா என்று இன்று சாயங்காலமே பாருங்கள். பதிந்தாச்சு என்றால், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.